ஊர்ப்பாடம்

அதிகாரி முழங்காலில் கையூன்றிக் குனிந்தார்.

“துவ, ஒங்கட வீடு எங்க? காட்டுங்க, பார்ப்பம்.”

சிங்களத்தில் வளர்ந்தவரின் தமிழ்; துவ என்றால் மகள். குரல் அன்பாகத்தான் இருந்தது. நஸ்ரா அவரையும் அவருக்குப் பின்னால் இரைந்துகொண்டு நின்ற, மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டீசல் புகை உடைமரப் பற்றைக்குள் போய்த் தங்கி நின்றது. அவள் காலில் இருந்த புதுச் செருப்பு ஓர் அளவு பெரியது. குதிக்குப் பின்னால் மணல் நிறைந்திருந்தது.

நஸ்ரா என் நானாவின், மூத்த சகோதரரின், மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள். அந்த ஊரை அவள் முதன்முதலில் பார்த்தது முந்தின நாள் பின்னேரம்தான்.

“சொல்லு மகள்,” என்றார் நானா. “பாடத்தைச் சொல்லு.”

பேசத் தொடங்கிய காலம் முதல் அவள் சொல்லிவந்த பாடம். கல்யாண வீட்டில் கதிரை மேல் ஏறி நின்று சொல்லியிருக்கிறாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது தூக்கத்தில் சொல்லியிருக்கிறாள். அன்று வாயைத் திறந்தாள், மூடினாள், தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது,” என்றாள்.

அதிகாரி சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை.

நிருபராக நான் போன காணி விசாரணைகள் சிலவற்றை இந்தத் தொடரில் முன்னர் எழுதியிருக்கிறேன். இது எங்கள் வீட்டு விசாரணை என்பதால் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பாடம் வந்த விதம்

எங்கள் ஊர் மன்னார் மாவட்டத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே, முசலிக் கரையில் ஒரு சின்னக் கிராமம். பெயரை எழுதவில்லை. அங்கே விசாரணைகள் இன்னும் முடியவில்லை.

1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நானாவுக்கு நான்கு வயது. நான் பிறக்கவில்லை. வாப்பாவும் உம்மாவும் அவரைத் தூக்கிக்கொண்டு கல்பிட்டிப் பக்கம் போய், களப்போரத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார்கள். சில மாதங்களுக்கு என்று நினைத்துப் போட்ட கொட்டில். நான் அதற்குள்தான் பிறந்தேன்.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் தொடக்கியது என்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. குர்ஆன் ஓதல் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, ஊரில் தங்கள் வீட்டுக்குப் போகும் வழியைச் சொல்லச் சொல்வார்கள். அதற்கு ஊர்ப்பாடம் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பாடம். எங்களுடையது இது:

“பள்ளிப் படியில நில்லு. முகம் கடலுக்கு. இடக்கைப் பக்கம் நட. முதல்ல வாறது கிணறு. கிணத்துக்குப் பின்னால புளி. புளிக்குக் கீழ எங்கட வீடு.”

பள்ளி என்றால் பள்ளிவாசல். ஓதுகிற ராகத்திலேயே சொல்வோம். முடிந்ததும் வாப்பா கேட்பார்: “தெரியுமா?” தெரியும் என்று கத்த வேண்டும். சத்தம் போதாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

தொண்டு நிறுவனக்காரர்கள் வந்தால் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்ல வைப்பார்கள். ஒருமுறை ஒரு வெளிநாட்டுப் பெண் கேட்டுக்கொண்டு நின்றவர் கண்ணைத் துடைத்தார். இந்தப் பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை என்று கூட வந்தவர் அவருக்கு மொழிபெயர்த்தாராம். மறப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வாப்பா இதை உருக்கத்துக்காகச் செய்யவில்லை. அவர் காரியக்காரர். காணி உறுதிப் பத்திரம் இருந்த தகரப் பெட்டி அந்த ஓட்டத்தில் போய்விட்டது. “கேக்கிற நாள் ஒண்டு வரும். அண்டைக்கு என்ட புள்ளைகள் முழிக்கக் கூடாது,” என்பார். அந்த நாள் வந்தது. அதற்குள் வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகிவிட்டார்கள்.

மூடிய கை

பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாததை எப்போது கண்டுபிடிக்கிறார்கள்? நான் படித்த பெண் இல்லை, பார்த்த பெண். பார்த்ததைச் சொல்கிறேன்.

நஸ்ராவுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு புளியங்கொட்டையை ஒரு கைக்குள் மறைத்து, இரண்டு கையையும் மூடி நீட்டுவேன். “எந்தக் கை?” கேள்வி முடியுமுன் தட்டுவாள். பிழைத்தாலும் சிரிப்பாள், சரியானாலும் சிரிப்பாள். “நான் சொன்னன்தானே” என்பாள், இரண்டு தடவையும். அந்த வயதில் தெரிவதும் சொல்வதும் ஒன்று.

நாலரை வயதில் ஒரு நாள் அவள் தட்டவில்லை. என் கைகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“மாமி, உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது,” என்றாள். “திறந்து காட்டுங்க.”

எனக்கு அது பெரிய செய்தியாகப் பட்டது. நானாவிடம் சொன்னேன். “விளையாட்டு அலுத்துப்போச்சு போல,” என்றார்.

கை தூக்காதவள்

மன்னாரில் நான் வாடகைக்கு இருக்கும் அறை பள்ளிமுனையில் ஒரு முன்பள்ளிக்கு அடுத்த சுவர். யன்னல் திறந்தால் வகுப்பு முழுதும் கேட்கும். எல்லாம் கடற்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

“கடலில எவ்வளவு தண்ணி இருக்குது? ஆருக்குத் தெரியும்?”

அத்தனை கையும் மேலே.

“எனக்கு டீச்சர்! பத்து வாளி!”

“போடா, நூறு வாளி!”

“எங்கட அப்பான்ர போட் நிறைய, டீச்சர்!”

ஒருத்தி மட்டும் கையைத் தூக்கவில்லை. ஏன் என்று டீச்சர் கேட்டார்.

“அள்ளிப் பாக்கேல்லையே டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. அன்று வாசல் படலையில் டீச்சரைக் கண்டபோது அந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “இல்லை மிஸ். அவள் கொஞ்சம் மந்தம். கேட்டால் ஒண்டுக்கும் கை தூக்கமாட்டாள்.”

சில வாரங்களில் அவளும் தூக்கத் தொடங்கினாள். யன்னலால் கண்டேன். மற்றவர்கள் தூக்குகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தூக்கினாள்.

கண்டவரும் கேட்டவரும்

கொழும்பில் நான் வேலை பழகிய பத்திரிகைக் கந்தோரில் செய்தி ஆசிரியர் எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். “நீர் கண்டனீரா, கேட்டனீரா?” கேட்டது என்றால் யாரிடம், அவர் கண்டாரா, அவரும் கேட்டாரா. இரண்டு கேள்வியில் பாதிச் செய்தி விழுந்துவிடும். அந்தக் கேள்வியை நான் அமைச்சரிடமும் கேட்டிருக்கிறேன், பொலிஸ் பொறுப்பதிகாரியிடமும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் நானா கண்டவர். அவருக்கு அதுதான் பட்டம். ஊரைக் கண்ட பொடியன் என்று தொடங்கி, மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக அவருடைய சொல்லுக்குப் பெறுமதி ஏறியது. மற்றவர்களின் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றாலும் பள்ளிக் கூட்டங்களில் முன் வரிசையில் இருத்துவார்கள். போர் முடிந்து பாதை திறந்தபின் பலர் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நானா போகவில்லை.

“மறந்தவன்தான் பாக்கப் போவான். எனக்கு என்னத்துக்கு?”

ஒருமுறை அவரிடம் கேட்டேன். “நானா, கண்ணை மூடினா என்ன தெரியுது?”

மூடினார். “பள்ளிப் படியில நில்லு. முகம் கடலுக்கு...”

“அது பாடம். நீங்க கண்டதைச் சொல்லுங்க.”

“அதுதான் நான் கண்டது.” கண்ணைத் திறந்தார். “கந்தோர்க் கேள்வியெல்லாம் எனக்கிட்டக் கேக்காத.”

நான்கு வயதுப் பிள்ளை கண்டது ஏதாவது இருந்திருக்கும். ஒரு கோழி, ஒரு கதவு, உம்மாவின் சேலைத் தலைப்பு. அதன் மேல் பாடத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். அது வாப்பாவின் குற்றம் என்றும் சொல்ல முடியாது.

பின்னேரம்

விசாரணை எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நானா குடியிருந்தது அவர் மனைவியின், என் மதினியின், தகப்பன் வீட்டு வளவில் ஒரு மூலை. வாப்பா போட்ட கொட்டில் நின்ற நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. அந்த மூலையையும் மதினியின் சகோதரர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டன. ஊர்க் காணி கிடைத்தால் நானாவின் குடும்பத்துக்கு நிற்க இடம். கிடைக்காவிட்டால் இல்லை.

விசாரணைக் குழு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. உறுதி இல்லாத குடும்பம் ஓர் இடத்தைக் காட்டலாம். அங்கே பற்றையை வெட்டி மண்ணைக் கிளறுவார்கள். கிணற்றுக் கட்டோ அத்திவாரமோ தென்பட்டால் கோரிக்கை மேலே போகும். ஒன்றும் இல்லாவிட்டால் அந்த நிலம் காடு என்று பதிவாகும். ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம்தான். இயந்திரம் அன்றைக்கு மட்டும்தான்.

மதினியும் கைக்குழந்தையும் கல்பிட்டியில் நின்றார்கள். நானாவும் நஸ்ராவும் விசாரணைக்கு முந்தின நாள் அனுராதபுரம் சுற்றி பஸ்ஸில் வந்தார்கள். சிலாவத்துறையிலிருந்து ஓட்டோவில் ஊருக்குக் கூட்டிப்போனேன். நானும் அதற்கு முன் வீதியில் நின்று பார்த்ததோடு சரி. பற்றை, பற்றைக்கு அப்பால் கடல். நடுவில் வெள்ளை பூசிய ஒரு சின்னப் பள்ளி. சுண்ணாம்பு உப்புக் காற்றில் உரிந்து, கறுப்புப் படிந்து கிடந்தது. அருகில் ஒரு தேத்தண்ணிக் கடை.

நானா பள்ளிப் படியில் ஏறி நின்றார். நின்றதும் அழுதார். கல்யாணத்திலும் மவுத்திலும் அழாத மனிதர்.

“இதுதான் புள்ள. இதுதான்.”

கடைக்காரர் ஹனீபா காக்கா, மீள்குடியேற்றத்தில் முதலில் வந்தவர்களில் ஒருவர், பால் விடாத பிளேன்டியோடு வந்தார். “எந்த வீட்டு ஆக்கள் தம்பி? எந்தப் பக்கம்?”

“எங்களுக்கு இடம் தெரியும் காக்கா,” என்றார் நானா.

நஸ்ராவையும் படியில் ஏற்றினார். அவள் கடலைப் பார்த்து நின்று பாடத்தைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

“வாப்பா, சூரியன் கடலுக்குள்ள போகுது.”

“ஓம் மகள். மஃரிபாகுது.”

“எங்கட ஊரில கடலுக்குள்ளால மேல வரும்தானே?”

கல்பிட்டியில் எங்கள் குடியிருப்புக்குக் கிழக்கே களப்பு, கடல் உள்ளே புகுந்து தேங்கிய உப்புநீர்ப் பரப்பு. காலையில் சூரியன் தண்ணீருக்குள் இருந்துதான் எழும். நாங்கள் அதைக் கடல் என்போம். ஊரை வரையச் சொன்னால் நானும் அப்படித்தான் வரைந்தேன், நஸ்ராவும் அப்படித்தான் வரைந்தாள்: வீடு, புளி, கடல், கடலுக்குள்ளிருந்து எழும்பும் சூரியன். ஒரு பெரியவரும் திருத்தவில்லை. படங்களைச் சுவரில் ஒட்டினார்கள்.

“அது களப்பு, இது கடல்,” என்றார் நானா.

“அப்ப நான் கீறின படம் எந்த ஊரு?”

“படத்தை விடு.”

அவள் படியிலிருந்து இறங்கினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

“கிணறு எங்க?”

“பத்தைக்குள்ள.”

“புளி?”

“வெட்டியிருப்பாங்க.”

“இது அந்தப் பள்ளியா வாப்பா?”

“வேற எந்தப் பள்ளி? நான் பிறந்த ஊரு புள்ள இது. எனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாது.”

“உனக்கும் தெரியும். பாடம் தெரியும்தானே?”

நஸ்ரா யோசித்தாள்.

“பாடம் தெரியும்,” என்றாள். “வீடு தெரியாது.”

கந்தோரில் இருபது வருடம் இருந்தவர்களுக்கே பிரித்துச் சொல்ல வராத விஷயம். நானா அவள் கையைப் பிடித்து ஓட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். “உம்மாக்காரி செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாள்.”

ஓர் இடம்தான்

மறுநாள் காலை. அவள் தெரியாது என்றதும் அதிகாரி நிமிர்ந்து நானாவைப் பார்த்தார்.

“சின்னப் புள்ள சேர்,” என்றார் நானா. “எனக்குத் தெரியும். நான் கண்ட ஊரு.”

படியில் நின்று கடலைப் பார்த்தார். இடக்கைப் பக்கம் நடந்தார். கிணறு இருக்க வேண்டிய தூரத்தை எப்படி முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பாடத்தில் தூரம் இல்லை. ஓரிடத்தில் நின்று காலால் மணலில் ஒரு கோடு கீறினார். “இங்க.”

பெக்கோ பற்றையைப் பிடுங்கியது. முதலில் வேர் வந்தது. பிறகு சிப்பி. பிறகு ஈர மணல். ஒரு துருப்பிடித்த தகரம் வந்தபோது நானா ஓடிப்போய்க் குனிந்தார். அது அண்மைக்கால டின். மீன் படம் போட்ட கடதாசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. சாரதி அதிகாரியைப் பார்த்தார்.

“அடையாளம் இல்ல,” என்று அதிகாரி எழுதினார்.

“இன்னும் கொஞ்சம் அங்கால சேர்.”

“ஒரு இடம்தான். மத்த ஆக்களும் நிக்கிறாங்க.”

இயந்திரம் அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பியது. ஹனீபா காக்கா பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னத்துக்குத் தம்பி இங்க தோண்டினீங்க?”

“பள்ளிக்கு இடக்கைப் பக்கம்தானே கிணறு.”

“எந்தப் பள்ளிக்கு?” காக்கா திரும்பி அந்தக் கறுத்த சுவரைப் பார்த்தார். “இது நாங்க வந்து கட்டினதல்லோ. பழைய பள்ளி ஓடைக்கு அங்கால. இடிஞ்சு காடு பத்திக் கிடக்கு. அதுக்குப் பக்கத்தில ஒரு கிணத்துக் கட்டும் இருக்கு.”



“நேத்தே சொல்லியிருக்கலாமே காக்கா,” என்றேன்.

“கேட்டனான்தானே, எந்தப் பக்கம் எண்டு. தெரியும் எண்டாரே தம்பி.”

நானா அதிகாரியின் பின்னால் ஓடினார். நானும் போனேன். ஓடைக்கு அப்பால் பழைய பள்ளி இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார். கும்பிடாத குறை. அதிகாரி கோபப்படவில்லை. களைத்திருந்தார்.

“முதல்ல இங்க எண்டு சொன்னீங்க. இப்ப அங்க எண்டு சொல்றீங்க. நான் எதை எழுதுறது? ஒங்கட மகளே தெரியாது எண்டுதானே சொன்னது.”

நஸ்ரா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அதைக் கேட்டாள். ஒரு பிள்ளை ஒரு வசனத்தை விளங்கிக்கொள்வதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன் என்றால் அது அன்றுதான். உதடு அசையவில்லை. கன்னம் மட்டும் உள்ளே போய் வந்தது. பிறகு தகப்பனைப் பார்த்தாள். அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். நான்தான் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். பதில் இன்றுவரை இல்லை. பழைய கோரிக்கையில் முடிவாகிவிட்டது என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பெயர் கேட்டேன், வைத்துவிட்டார்.

அன்று பகல் பஸ்ஸுக்காகச் சிலாவத்துறைச் சந்தியில் நின்றோம். வெயில். நானா ஒரு பூட்டிய கடையின் நிழலில் குந்தியிருந்தார். அவருடைய போன் அடித்தது. மதினி. எடுக்காமல் என்னிடம் நீட்டினார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். நானா தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னங்க, என்ன சொன்னாங்க? சரியா?”

“உம்மா,” என்றாள் நஸ்ரா.

“ஆரு, மகளா? மகள், எங்கட வீட்டைக் கண்டியா?”

நஸ்ரா தகப்பனைப் பார்த்தாள். நான் போனை அவளுக்கு எட்டாமல் தூக்கியிருக்கலாம். தூக்குவதற்கு முன் அவள் பேசிவிட்டாள்.

“ஓம் உம்மா. கண்டன்.”

“அல்ஹம்துலில்லாஹ்! கிணறு?”

“கிணறும் கண்டன்.”

“தண்ணி இருக்கா மகள்?”

பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

“இருக்கு,” என்றாள். “நல்ல தண்ணி. உப்பில்ல.”

நானா தலையை நிமிர்த்தவில்லை. மறுமுனையில் மதினி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வளவுக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. மூலையைத் திருப்பிக் கேட்ட சகோதரர்களையாக இருக்கும்.

“கேட்டீங்களா! எங்கட கிணத்தில இன்னும் தண்ணி இருக்காம்! புள்ள கண்ணால கண்டிருக்கு!”